எட்டுத் திங்கள் வாழ்ந்த ஏடு

கர்நாடக மாநிலத்தில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் முதல் நாளைப் பத்திரிகை நாளாகக் கொண்டாடி வருகின்றனர். அந்நாளை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் ஒரு சிறிய ஏடு. 1843-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் மங்களூரில் வெளிவந்த ‘மங்களூர சமாசார’ என்பதே கன்னட மொழியின் முதற் செய்தித்தாள். நூறாண்டுகளுக்கும் மேலாக நின்று நிலவிய ஏடுகள் பாரதத்தில் பல உண்டு. பம்பாயில் 1822-இல் குஜராத்தி மொழியில் தோன்றிய ‘பம்பாய் சமாசார்’ இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. கன்னடத்தின் முதல் ஏடோ, பிறந்த ஊரில் பிறந்த பெயரோடு எட்டுத் திங்கள்தான் வாழ்ந்தது. அவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட ஓர் ஏட்டை ஒரு மொழியினர் 180 ஆண்டுகளுக்குப் பின்னும் ஏன் நினைக்கின்றனர்? இவ்வினாவுக்கு விடை காண்பதே நம் நோக்கம்.

அன்றைய மங்களூர்

மங்களூர் அரபிக் கடலோரத் துறைமுகம். அரபு நாட்டுக் கலங்கள் வந்துபோன பழைய வணிகத் தலம். ஹைதர் அலீயும் திப்பு சுல்தானும் தம் கடற்படைக்கு உரிய இடமாகக் கருதியது இவ்வூரையே. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் 1784-இல் உடன்படிக்கை எழுதப்பட்டதும் இவ்வூரில்தான். 1799-இல் சுல்தான் ஷஹீதான பின் கன்னடக் கரையோரம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதன்பின் மங்களூர், சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லாத் தலைநகராயிற்று. ஆதலின், கன்னடத்தின் முதல் செய்தித்தாள் மைசூர் அரசில் பிறக்கவில்லை. சென்னைக் கோட்டையிலிருந்து ஆளப்பட்ட மண்ணில் பிறந்தது. இதை நம் தமிழ் வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம்.

அந்நகரில் மொழிகள் பல. பெரும்பாலோர் வீட்டில் பேசியது துளு. சாரஸ்வதரும் கத்தோலிக்கரும் கொங்கணி பேசினர். கடற்கரை முஸ்லிம்களாகிய பியாரிகளுக்கு மலையாளச் சாயலும் துளுச் சாயலும் கலந்த தனிமொழி ஒன்று உண்டு. மார்க்கக் கல்வி அவர்களுக்கு அரபு எழுத்தில் அமைந்தது. இத்தனை பேருக்கும் பொதுவாக எழுத்து வழக்கில் நின்ற மொழி கன்னடம். கச்சேரியில் மனு எழுதவும், நிலவரிக் கணக்கு வைக்கவும், கடன் பத்திரம் முடிக்கவும் கன்னடமே பயன்பட்டது. வீட்டு மொழி எதுவாயினும், அரசோடு பேசக் கன்னடம் வேண்டும் என்பது அன்றைய நிலை.

அந்தக் கச்சேரிக் கன்னடத்தைப் பற்றி அரபு கற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பீஜப்பூர் சுல்தான்களின் காலத்திலிருந்தும், பின்னர் ஹைதர், திப்பு ஆட்சியிலிருந்தும் வந்த நிர்வாகச் சொற்களை அம்மொழி தனதாக்கிக் கொண்டிருந்தது. ‘தாலூக்கு’ என்பது ‘தஅல்லுக்’ என்னும் தொடர்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குடியானவரைக் குறிக்கும் ‘ரைத’ என்பது நம் கிதாபுகளில் வரும் ‘ரஇய்யத்’. ‘ஜப்தி’ என்பது ‘ளப்து’. ‘அர்ஜி’ என்பது ‘அர்ளு’. ‘வசூலி’ என்பது ‘வுஸூல்’. ‘வகீல’ என்பது ‘வகீல்’. துளுவர், கொங்கணியர், பியாரிகள் ஆகிய யாவர்க்கும் இச்சொற்கள் பழக்கமானவை. கம்பெனிச் சர்க்கார் போட்ட சட்டத்தைக் கன்னடத்தில் எழுதினால் ஊரார் விளங்கிக் கொள்வர் என்ற நிலையை உருவாக்கியதில் இச்சொற்களுக்கும் பங்குண்டு.

வதந்தியின் ஆட்சி

சட்டம் கச்சேரியில் இருந்தது. மக்கள் வெளியில் இருந்தனர். இடையில் நின்றது வதந்தி. தந்திக் கம்பி அப்பொழுது இல்லை. மங்களூருக்கு ரயில் வந்ததோ 1907-இல்தான். தபால் இருந்ததெனினும், நாடு முழுமைக்கும் ஒரே கட்டண முத்திரைத் தலைகள் 1854-இல்தான் வழக்கிற்கு வந்தன. அதற்கு முன் தொலைவுக்குத் தக்கபடி கூலி கூடும். எனவே பம்பாயில் நடப்பதும் சென்னையில் நடப்பதும் கலத்தில் வந்தவன் வாயிலாகவும், கட்டம் இறங்கி வந்த வணிகன் வாயிலாகவுமே ஊரை அடைந்தன.

இதன் தீமையை அந்நகரம் கண்டிருந்தது. 1834-இல் கம்பெனியார் குடகு நாட்டை இணைத்துக் கொண்டனர். 1837-இல் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிக் குடியானவர்கள் வரிக்கொடுமை தாளாது கிளர்ந்தெழுந்து மங்களூரையே சில நாட்கள் கைப்பற்றினர். கம்பெனிப் படை வந்து அடக்கிற்று, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். அத்தகைய காலத்தில் எவர் வருகின்றார், எவர் வென்றார், எந்த வரி கூடிற்று என்பதெல்லாம் வாய்க்கு வாய் மாறும் பேச்சாகவே இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய புலமை வேண்டுவதில்லை.

மோக்லிங் என்னும் மனிதர்

இந்நிலையில் ஏட்டைத் தொடங்கியவர் ஹெர்மன் மோக்லிங். 1811-இல் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் நாட்டில் பிராக்கன்ஹைம் என்னும் ஊரில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1815-இல் நிறுவப்பட்ட பாசல் மிஷன் என்னும் கிறித்தவச் சபையின் போதகர். அச்சபையார் 1834-இல் மங்களூரில் தம் பணியைத் தொடங்கினர். மோக்லிங் 1836-இல் வந்து சேர்ந்தார்.

இவர் வந்த நோக்கம் யாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதம் பரப்பவே வந்தார்; அதனை அவரும் மறைத்தாரில்லை. எனினும், வந்த நாட்டின் மொழியை அவர் கற்ற விதம் நம் கருத்துக்குரியது. கச்சேரி மொழியோடு அவர் நின்றுவிடவில்லை. பழமொழிகளைத் திரட்டினார், பாடல்களைக் கேட்டெழுதினார், ஏட்டுச்சுவடிகளைத் தேடினார். கஸமேஜர் என்னும் ஆங்கிலேய நீதிபதி பொருளுதவி புரிய, பிற்காலத்தில் ஜைமினி பாரதம், பசவ புராணம், தாசர் பதங்கள் முதலிய கன்னட நூல்களை ‘பிப்லியோதிகா கர்னாடிகா’ என்ற வரிசையில் அச்சிட்டார். அவை அவருடைய மதத்தைச் சார்ந்த நூல்கள் அல்ல. அப்பணிக்காகவே தூபிங்கன் பல்கலைக்கழகம் 1858-இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. ஒருவருடைய கொள்கையை நாம் ஏற்கவில்லை என்பதால் அவர் செய்த தொண்டை மறுத்துவிடுவது நீதியன்று; தொண்டைப் புகழ்வதற்காக அவர் கொள்கையை மூடி மறைப்பதும் நீதியன்று.

கல்லில் எழுந்த எழுத்து

பாசல் மிஷனார் 1841-இல் மங்களூரில் அச்சகம் அமைத்தனர். அச்சுப்பொறி பம்பாயிலிருந்து வந்தது. அது ஈயத்தால் வார்த்த எழுத்துகளைக் கோத்து அடிக்கும் பொறியன்று, கல்லச்சு. கன்னடத்தில் ஒற்றெழுத்தின் அடியில் மற்றோர் எழுத்து தொங்கும். உயிர்க்குறிகள் மேலும் பக்கமும் வளையும். அவற்றுக்கெல்லாம் தனித்தனி அச்சு வார்ப்பது பெருஞ்செலவு. கல்லச்சுக்கு அத்தொல்லை இல்லை.

கல்லச்சின் செய்முறை எளியது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் நெய்ப்பசையுள்ள மையால் எழுதப்பட்ட பிரதி பதிக்கப்படும். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். எழுத்துள்ள இடம் நீரை ஏற்காது. எழுத்தில்லாத இடம் ஏற்கும். அதன்மீது மையுருளையை உருட்டினால் நீருள்ள இடம் மையைத் தள்ளும். எழுத்து மட்டும் மையைப் பற்றும். காகிதத்தை வைத்து அழுத்தினால் எழுதியவன் கையெழுத்து அப்படியே பதிந்து வரும். நம் மதரஸாக்களில் ஓதிய பெரியோர்க்கு இது புதிதன்று. லக்னோவில் 1858-இல் தோன்றிய நவல் கிஷோர் அச்சகத்தின் அரபு, பாரசீகக் கிதாபுகளும், நம் முன்னோரின் அரபுத் தமிழ் நூல்கள் பலவும் இம்முறையில் அச்சானவையே. காத்திபின் கைவண்ணம் கெடாமல் ஆயிரம் பிரதிகளில் நின்ற காலம் அது.

அத்தகைய கல்லில்தான் கன்னடத்தின் முதற் செய்தித்தாளும் எழுந்தது. நான்கு பக்கம், திங்களுக்கு இருமுறை, விலை ஒரு துட்டு. ‘துட்டு’ என்னும் அச்சொல்லை நம் ஊர்க் கிழவிகள் வாயிலும் கேட்டிருக்கின்றோம். ஏழையும் வாங்கத்தக்க விலையில் செய்தியைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்விலையிலேயே தெரிகின்றது.

சட்டத்தின் துணையும் அப்பொழுது இருந்தது. அதற்கு முன் பத்திரிகை நடத்த அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1835-இல் கவர்னர் ஜெனரல் பொறுப்பில் இருந்த மெட்காஃப் அந்தத் தளையை நீக்கினார். அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தம் பெயரையும் இடத்தையும் பதிவு செய்தால் போதும் என்றாயிற்று. எட்டாண்டுகளுக்குப் பின் மங்களூரில் ஓர் ஏடு பிறக்க இச்சட்டமும் வழி செய்தது.

ஏட்டின் உள்ளடக்கம்

ஏடு ஏன் வெளிவருகின்றது என்பதை முதல் இதழிலேயே ஆசிரியர் விளக்கினார். அவ்விளக்கத்தின் சாரம் இது: இவ்வூரார் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிக் கச்சேரிச் சேதி பேசுகின்றனர். காலையில் ஒருவர் ஒரு பொய்யைச் சொல்ல, மாலையில் மற்றொருவர் வேறொரு பொய்யைச் சொல்ல, மறுநாள் இரண்டும் பொய்யென்று தெரிகின்றது. இவ்வாறு பொழுது வீணாகின்றது. தம் ஊரின் உண்மையும் பிற நாட்டு நடப்பும் அறியாதவர்கள் சன்னல் இல்லாத இருட்டறையில் இருப்பவரைப் போன்றவர்கள். அவ்விருட்டுக்கு ஒரு சன்னல் திறப்பதே இவ்வேட்டின் வேலை.

சன்னல் என்ற உவமை பொருத்தமானது. சன்னல் எதையும் தானாகப் படைப்பதில்லை. வெளியில் உள்ளதை உள்ளே இருப்பவர் காண வழி செய்கின்றது, அவ்வளவே. ஊர் வர்த்தமானம், கம்பெனிச் சர்க்காரின் புதிய சட்ட திட்டங்கள், பிற இராச்சியங்களின் வர்த்தமானம், நீதிக் கதைகள், புரந்தரதாசரின் பதங்கள் ஆகியவை அதில் இடம்பெற்றன. ஒரு கிறித்தவப் போதகர் நடத்திய ஏட்டில் வைணவ அடியாரின் பாடல் அச்சானது என்பதைக் கவனிக்க வேண்டும். வாசகர் எதைப் பாடுகின்றாரோ அதைக் கொண்டே அவரை வாசிப்புக்கு அழைக்க முடியும் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார்.

இவை அனைத்தினும் மேலான பயன் ஒன்றுண்டு. வாயாற் சொன்ன செய்திக்குச் சொன்னவன் பொறுப்பேற்பதில்லை. ‘நான் சொல்லவில்லை’ என்று மறுநாள் மறுத்துவிடலாம். அச்சில் வந்த செய்திக்கு நாளுண்டு, இடமுண்டு, வெளியிட்டவர் பெயருண்டு. தவறாயின் அதைக் கையில் வைத்துக் கொண்டு கேட்கலாம். அறிவித்தவர் யார், அவர் எத்தகையவர், யாரிடம் கேட்டார் என்று ஆராய்ந்தே ஹதீஸை ஏற்ற முஹத்திஸ்களின் வழியில் பயின்ற நமக்கு இதன் அருமை எளிதிற் புலனாகும். சட்டத்தைக் கச்சேரிக் குமாஸ்தா சொல்லித்தான் குடியானவன் அறிய வேண்டும் என்ற நிலையில், குமாஸ்தா சொல்வது சரியா என்று ஒத்துப் பார்க்க ஒரு துட்டுக் காகிதம் கிடைத்தது. அதுவே அவ்வேட்டின் வெற்றி.

ஊர்ப்பெயர் போய் மொழிப்பெயர்

1844-ஆம் ஆண்டு பிறந்தது. ஜனவரித் திங்களில், மிஷன் பள்ளியில் பயின்ற ஆனந்தராவ் கௌண்டின்யர் முதலிய பிராமண இளைஞர் மூவர் மதம் மாறினர். ஊர் கொந்தளித்தது. அடுத்த திங்கள் 15-ஆம் நாள் இதழோடு மங்களூரில் அவ்வேடு நின்றது. அடுத்தடுத்து நடந்தன என்பதற்காக ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் காட்டுவது வரலாறாகாது. அது அவ்வேடு எதிர்த்த வதந்தியின் முறையே ஆகும். இடமாற்றத்திற்குத் தெளிவான காரணம் வேறு உண்டு. பல்லாரியில் லண்டன் மிஷனாரின் அச்சகம் இருந்தது. கன்னட விவிலியத்தை மொழிபெயர்த்த ஜான் ஹாண்ட்ஸ், கன்னட அகராதி தொகுத்த வில்லியம் ரீவ் ஆகியோர் பணியாற்றிய ஊர் அது. அங்கே வார்ப்பெழுத்து உண்டு. கல்லச்சில் அடிப்பதினும் மிகுதியான பிரதிகளை விரைந்து அடிக்கலாம். மேற்குக் கரையின் ஒரு மூலையிலிருந்து பரவுவதினும், பல்லாரியிலிருந்து கன்னட நாட்டின் உட்பகுதிக்குப் பரவுதல் எளிது.

1844 மார்ச் 1-ஆம் நாள் முதல் ஏடு பல்லாரியில் வெளிவந்தது. பெயரும் மாறிற்று. ‘மங்களூர சமாசார’ இப்பொழுது ‘கன்னட சமாசார’ ஆயிற்று.

இந்தப் பெயர் மாற்றத்தை நாம் சாதாரணமாகக் கருதுவதற்கில்லை. அந்நாளில் கன்னடம் பேசுவோர்க்கு ஓர் அரசு இல்லை. தென்கன்னடமும் பல்லாரியும் சென்னை மாகாணத்தில், தார்வாரும் பெல்காமும் பம்பாய் மாகாணத்தில், குல்பர்காவும் ராய்ச்சூரும் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில், மைசூரோ 1831 முதல் ஆங்கிலேயக் கமிஷனர்களின் கையில், குடகு தனியே. ஐந்து ஆட்சியில் சிதறிக் கிடந்தவர்களை ஒரே வாசகர் கூட்டமாக எண்ணி, அவர்கள் மொழியின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக் கொண்டது அவ்வேடு. அம்மக்கள் ஒரே மாநிலமாக ஒன்றிணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள். அம்மாநிலம் கர்நாடகம் என்று பெயர் பெற்றது 1973-இல். வரைபடத்தில் கோடு விழுவதற்கு 112 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு செய்தித்தாளின் முகப்பில் அந்த ஒற்றுமை எழுதப்பட்டு விட்டது.

பல்லாரியிலும் அதற்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. ஏடு மறைந்தது, வழி மறையவில்லை.

விதையும் விளைவும்

மோக்லிங்கின் நண்பரும் அதே மிஷனைச் சேர்ந்தவருமான ஹெர்மன் குண்டர்ட், 1847 ஜூன் திங்களில் தலச்சேரியை அடுத்த இல்லிக்குன்றிலிருந்து ‘ராஜ்ய சமாசாரம்’ என்ற ஏட்டை வெளியிட்டார். மலையாளத்தின் முதல் செய்தித்தாள் அதுவே. அடுத்தடுத்த இரு மொழிகளின் இதழியல் வரலாறு நான்காண்டு இடைவெளியில், ஒரே மிஷனிலிருந்து தொடங்கிற்று. மங்களூர் அச்சகமும் வளர்ந்தது. பின்னர் அது வார்ப்பெழுத்துகளைப் பெற்றது. ஃபெர்டினாண்ட் கிட்டெல் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த, ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட கன்னட-ஆங்கில அகராதி 1894-இல் அங்குதான் அச்சாயிற்று. மோக்லிங் 1860-இல் தாயகம் திரும்பினார், தாசர் பதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார், 1881-இல் மறைந்தார்.

அக்கடற்கரை பின்னும் ஏடுகளை ஈன்று கொண்டே இருந்தது. 1970 ஜனவரி 1-ஆம் நாள் மணிப்பாலில் ‘உதயவாணி’ நாளிதழ் தோன்றிற்று. தலைநகரத்து ஏடுகளுக்கு அஞ்சாமல், கரையோரச் சிற்றூர்களின் செய்தியைக் கொண்டே பெரிய ஏடாகலாம் என்பதை அது மெய்ப்பித்தது. 1978-இல் மங்களூரிலிருந்து ‘சன்மார்க’ என்னும் கன்னட வார ஏட்டை முஸ்லிம்கள் தொடங்கினர். 2003-இல் அதே நகரிலிருந்து ‘வார்த்தா பாரதி’ என்னும் கன்னட நாளிதழ் முஸ்லிம்களின் முயற்சியால் எழுந்தது. அரபு எழுத்தில் மார்க்கம் கற்று, பியாரி மொழியில் பேசி, கச்சேரிக்கு மட்டுமே கன்னடத்தை நாடிய ஒரு சமுதாயம், 160 ஆண்டுகளில் அக்கன்னடத்திலேயே எல்லார்க்கும் செய்தி சொல்லும் நிலைக்கு வந்தது. தம்மைப் பற்றிப் பிறர் சொல்லும் பேச்சைக் கேட்டு வருந்திக் கொண்டிராமல், நாட்டு மொழியில் தாமே எழுதுவது என்று அவர்கள் முடிவு செய்தனர். வதந்திக்கு மருந்து எழுத்தே என்று 1843-இல் ஒருவர் கண்ட உண்மை, அந்நகரின் முஸ்லிம்களுக்கும் பயன்பட்டது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். ஓர் ஏட்டின் பெருமை அது வாழ்ந்த நாளால் அளக்கப்படுவதில்லை. அது மக்களிடம் உண்டாக்கிய பழக்கத்தால் அளக்கப்படுகின்றது. கேட்டதை நம்புவதை விட்டு, எழுதியதைப் படித்து ஒத்துப் பார்க்கும் பழக்கத்தை ‘மங்களூர சமாசார’ கன்னடருக்குத் தொடங்கி வைத்தது. இன்று ஒரு நொடியில் ஓராயிரம் பேருக்குச் சேதி பறக்கின்றது. காலையில் ஒரு பொய், மாலையில் ஒரு பொய், மறுநாள் இரண்டும் பொய் என்ற அந்தப் பழைய முறையீடு இன்றைக்கும் பொருந்துவதைக் காண்கின்றோம். விரைவு கூடியிருக்கின்றது, நோய் அதுவே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எட்டுத் திங்களே வாழ்ந்த அவ்வேட்டைப் பற்றி நாம் இன்று இவ்வளவு எழுத முடிகின்றதென்றால், ஒரு துட்டு விலையுள்ள அக்காகிதத்தை யாரோ எறிந்துவிடாமல் வைத்திருந்ததே காரணம். அதன் முதல் இதழின் முகப்பை இன்றும் நாம் காண முடிகின்றது. நம் இல்லங்களின் பரண்களிலும், பள்ளிவாசல் அலமாரிகளிலும் பாட்டனார் வாங்கிய பழைய மாத ஏடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றில் நம் ஊர்ச் செய்தி இருக்கின்றது. நம் ஆலிம்களின் எழுத்து இருக்கின்றது. எந்த ஆண்டு எந்த மதரஸா எழுந்தது என்ற குறிப்பு இருக்கின்றது. பழைய காகிதம் என்று அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன், வீட்டில் படித்த பிள்ளை ஒருவரை அழைத்து ஒரு முறை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டியவற்றை ஊர் நூலகத்தில் சேர்த்து விடுங்கள். நம் வரலாற்றை நாளை எழுதப் போகின்றவர் அங்குதான் தேடுவார்.